இறந்த உடல் கடிகாரம் அன்று

பிணக்கூறாய்வு அறிக்கையின் முடிவில், இறப்புக்கான காரணத்தைக் கூறும் கருத்தை ஒட்டி ஒரு வரி இடம்பெறுவது வழக்கம். ஆய்வு தொடங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் இத்தனை மணி முதல் இத்தனை மணி நேரத்துக்குள் இறப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அந்த வரி. பல பக்கங்கள் கொண்ட அறிக்கையில் மிகக் குறைந்த உழைப்புடன் எழுதப்படுவது பெரும்பாலும் அதுவே. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றபின் மிகுதியான வாதம் நிகழ்வதும் அதைப் பற்றியே. குற்றம் சாட்டப்பட்டவர் அந்நேரத்தில் வேறொரு ஊரில் இருந்தாரா, இறந்தவரை அவருடன் கடைசியாகப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியின் கூற்று பொருந்துகிறதா, காவலில் இருந்தபோது உயிர் போயிற்றா, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் போயிற்றா என எல்லாக் கேள்விகளும் அந்த ஒற்றை வரியிலேயே வந்து நிற்கின்றன.

இன்றைய இந்தியாவில் அந்த வரி பெரும்பாலும் அளவீட்டின் முடிவு அன்று; வழக்கத்தின் முடிவு. இறந்த உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றிய அறிவு பொய்யானதல்ல. அந்த அறிவு எந்தத் தட்பவெப்பத்தில், எவ்வகை உடல்களைக் கொண்டு, எந்த நிபந்தனைகளின்கீழ் திரட்டப்பட்டதோ, அந்த நிபந்தனைகளை மறந்துவிட்டு அதன் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வதே சிக்கல்.

உடல் குளிர்வதிலிருந்து தொடங்கலாம். உயிர் நின்றபின் உடலின் வெப்பம் சுற்றுப்புறத்தின் வெப்பத்தை நோக்கி இறங்குகிறது. இறந்தவுடன் அது இறங்கத் தொடங்குவதில்லை. மையப் பகுதியின் வெப்பம் சிறிது நேரம் ஏறக்குறைய அப்படியே நின்று, பிறகு சற்று விரைந்து குறைந்து, சுற்றுப்புற வெப்பத்தை நெருங்கும்போது மீண்டும் மெதுவாகிறது. இந்த வளைகோட்டைக் கணிதமாக்கி, உடல் எடை, ஆடை, காற்றோட்டம், ஈரம் ஆகியவற்றுக்குத் திருத்தங்கள் சேர்த்து, ஜெர்மனியின் கிளாவுஸ் ஹென்ஸ்கே 1988இல் வெளியிட்ட கணிப்பு வரைபடமே உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மலக்குடலின் வெப்பமும் சுற்றுப்புற வெப்பமும் முறையாக அளக்கப்பட்டு, உடல் கண்டெடுத்த இடத்திலேயே கிடந்து, எல்லா நிபந்தனைகளும் பொருந்தினாலும்கூட, அதன் பிழை எல்லை முன்னும் பின்னும் 2.8 மணி நேரம். அதாவது மிகச் சிறந்த நிலையிலேயே ஐந்தரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட இடைவெளி.

இப்போது மே மாதத்து நாக்பூரையோ ராஜஸ்தானின் சூருவையோ எண்ணிப் பார்க்கலாம். நிழலிலேயே வெப்பம் 40 பாகையைக் கடக்கும் பிற்பகலில், கூரைத் தகரத்தின்கீழ் கிடக்கும் உடல் எதை நோக்கிக் குளிரும்? சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருக்கையில் உடல் குளிர்வதில்லை, வெப்பமேறவும் செய்யலாம். இறங்குவதற்குப் படிகளே இல்லாத இடத்தில் எத்தனை படி இறங்கிற்று என்று எண்ணுவதில் பொருளில்லை. நாட்டின் பெரும்பகுதியில், ஆண்டின் பல மாதங்களில், ஐரோப்பியத் தடய மருத்துவம் மிகுதியும் நம்பும் முறை இவ்வாறு கைவிட்டுப் போகிறது. பயன்படக்கூடிய மார்கழி, தை இரவுகளிலும், அசாம் மலைச்சரிவுகளிலும், இமாசலத்திலும்கூட அது பயன்படுத்தப்படுவது அரிது. இறப்பு நிகழ்ந்த இடத்தில் வெப்பமானியை எடுத்துக்கொண்டு நிற்க அங்கே மருத்துவர் இருப்பதில்லை என்பதே காரணம்.

வெப்பம் கைவிட்டபின் மருத்துவரின் கைக்கு எஞ்சுவது விறைப்பு. ரிகர் மார்ட்டிஸ் எனப்படும் பிண விறைப்பின் வேதியியல் எளிது. தசைநார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு மட்டுமல்ல, விட்டு விலகுவதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தரும் ஏடிபி மூலக்கூறு தீர்ந்துபோனதும் பற்றிய நார்கள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. பின்னர் தசையே சிதையத் தொடங்கும்போது பிடி தளர்கிறது. இமை, தாடை, கழுத்து, கைகள், கால்கள் என்ற வரிசையில் விறைப்பு தெரியவருவதை பிரெஞ்சு மருத்துவர் நிஸ்டன் 1811இல் பதிவு செய்தார். எல்லாத் தசைகளிலும் அது ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்குகிறது, சிறிய தசைகளில் முதலில் கைக்குத் தட்டுப்படுகிறது என்பதே பிற்கால விளக்கம். இந்திய மருத்துவ மாணவர் எவரும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய விதி ஒன்று இதன்மேல் எழுந்துள்ளது: பரவ 12 மணி, நிலைக்க 12 மணி, நீங்க 12 மணி. தேர்வுத் தாளுக்கு இதைவிட வசதியான விதி இருக்க முடியாது. வசதியானது என்பதாலேயே அது தேர்வுத் தாளிலிருந்து சாட்சிக் கூண்டுக்கும் நடந்து வந்துவிட்டது.

வியப்பு என்னவெனில், இந்த விதியை ஐயுறுவதற்கான தரவு இந்திய மண்ணிலேயே மிகப் பழங்காலத்திலிருந்து கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் காவல்துறையின் அறுவை மருத்துவராக இருந்த கோல் மெக்கன்சி, தாம் கண்ட உடல்களில் விறைப்பு நீடித்த நேரத்தைக் குறித்து வைத்தார். குறைந்தது 3 மணி. கூடியது 40 மணி. ஒரே நகரம், ஒரே பிணவறை, ஒரே கண்காணிப்பாளர்; அப்படியிருந்தும் பதின்மூன்று மடங்கு வேறுபாடு. ஜெய்சிங் மோடி 1920இல் முதன்முதலாக வெளியிட்டு, இன்றுவரை பதிப்புமேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கும் சட்ட மருத்துவ நூல் வழியாக இவ்வெண்கள் தலைமுறை தலைமுறையாக மாணவர்களின் கைக்கு வந்துள்ளன. அவற்றைப் படித்த மாணவரே பன்னிரண்டின் வாய்பாட்டையும் படிக்கிறார். இரண்டில் எது நினைவில் தங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

3 மணிக்கும் 40 மணிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பலவற்றால் விளக்கலாம். கோடை வெப்பம் ஏடிபியை விரைவில் தீர்த்துவிடும். கல் உடைத்துக்கொண்டிருந்தபோதோ வலிப்பு கண்டோ மின்சாரம் தாக்கியோ இறந்தவரிடம் ஆற்றல் ஏற்கெனவே குறைந்திருக்கும். விறைப்பு விரைந்து வந்து விரைந்து போகும். மெலிந்த முதியவரின் உடலும் திடகாத்திரமான இளைஞரின் உடலும் ஒன்றுபோல் விறைப்பதில்லை. இவை பாடநூலில் இருப்பவை. பாடநூலில் அவ்வளவாக இடம்பெறாதவை வேறு. கட்டிலிலிருந்து உடலை இறக்கும்போதும், முச்சக்கர வண்டியிலோ டிராக்டரிலோ மடக்கி ஏற்றும்போதும், ஆடையைக் கழற்றும்போதும் விறைத்த மூட்டுகளை வலிந்து நீட்டிவிடுகிறார்கள். அவ்வாறு முறிந்த விறைப்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. பிறகு உடல் குளிர்பெட்டிக்குள் போகிறது. குளிரில் எல்லா மாற்றங்களும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. மறுநாள் 11 மணிக்கு மருத்துவர் முழங்கையை மடக்கிப் பார்க்கும்போது அவர் அளப்பது இறப்பிலிருந்து கடந்த நேரத்தை மட்டுமா? குளிர்பெட்டியில் கழிந்த நேரத்தையும், அதற்குமுன் வராந்தாவில் கிடந்த நேரத்தையும், தூக்கியவர்களின் கைவலிமையையும் சேர்த்தே அளக்கிறார். எந்த மணிக்கு உடல் குளிருக்குள் வைக்கப்பட்டது, எந்த மணிக்கு வெளியே எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அறிக்கையோடு வந்தால் ஓரளவு கழித்துப் பார்க்கலாம். அந்தக் குறிப்பு பெரும்பாலும் வருவதில்லை.

மூன்றாவது அடையாளம் குருதிப்படிவு. இதயம் நின்றபின் குருதி புவியீர்ப்புக்கு உட்பட்டுத் தாழ்ந்த பகுதிகளில் தேங்கி, தோலுக்கு ஊதா நிறம் தருகிறது. முதல் சில மணி நேரங்களில் உடலைப் புரட்டினால் அதுவும் இடம் மாறும். 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் நிலைத்துவிடும் என்பது பாடம். இறந்தபின் உடல் நகர்த்தப்பட்டதா என்பதை அறிய இதைவிடச் சிறந்த சாட்சி குறைவு. மல்லாந்து கிடந்த உடலின் மார்பில் படிவு இருந்தால் யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் பாடநூல்களின் வண்ணப்படங்களில் காணும் படிவு பெரும்பாலும் வெளிறிய தோலின்மேல் படிந்தது. இளஞ்சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஊதா என நிறங்களின் நுட்பத்தை வைத்து கரியோராக்சைடு நஞ்சா, சயனைடா, வெறும் குளிரா என்று பிரித்தறியக் கற்பிக்கும் பாடங்கள், கரிய தோலின்மேல் அந்நிறங்கள் எப்படித் தெரியும் என்பதைப் பற்றி இரண்டொரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. நகக்கண்ணையும் ஈறையும் உதட்டின் உட்புறத்தையும் இமையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும் என்று நல்ல ஆசிரியர்கள் சொல்லித் தருவதுண்டு. எழுதி வைப்பது குறைவு. நாட்டு மக்களில் பெரும்பாலோரின் தோல் நிறத்துக்கு விலக்காக எழுதப்பட்ட பாடத்தை அந்நாட்டிலேயே பொதுவிதியாகக் கற்பிப்பது விந்தை. அதன் விளைவு வெறும் கல்விச் சிக்கலாக நிற்பதுமில்லை. கரிய முதுகில் படிந்த குருதியை அடியின் கன்றலாகவும், கன்றலைப் படிவாகவும் கொள்ள இடமுண்டு. ஐயம் வந்தால் தோலைக் கீறிப் பார்க்க வேண்டும். படிவில் குருதி நாளங்களுக்குள்ளேயே இருக்கும். நீரில் கழுவினால் போய்விடும். கன்றலில் அது திசுக்களுக்குள் கசிந்து ஊறியிருக்கும், கழுவினால் போகாது. ஒரு கத்தியும் ஒரு குவளை நீரும் போதுமான இச்சோதனைக்கும் காலவரம்பு உண்டு. உடல் அழுகத் தொடங்கினால் நாளங்கள் சிதைந்து, சிவப்பணுக்கள் உடைந்து, நிறமி எங்கும் ஊறிவிடும். பிறகு இரண்டையும் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காவல் மரணங்களில் பிணக்கூறாய்வைத் தாமதிப்பது சாட்சியத்தை அழிப்பதற்குச் சமம் என்று சொல்வோர் உணர்ச்சிவயப்பட்டுச் சொல்வதில்லை, திசுவியலைச் சொல்கிறார்கள்.

அழுகலைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். இந்திய வெயிலில் மிக விரைந்தும் மிக விளக்கமாகவும் பேசும் மாற்றம் அதுவே. மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவதும் அதுவே. அடிவயிற்றின் வலப்புறத்தில் முதலில் பச்சை படர்கிறது. பெருங்குடலின் தொடக்கப் பகுதி அங்கே தோலுக்கு அருகில் இருப்பதும், அதனுள் நீர்மமும் நுண்ணுயிரிகளும் மிகுந்திருப்பதும் அதற்குக் காரணம். நுண்ணுயிரிகள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குருதியின் நிறமியோடு கூடிப் பச்சையாகிறது. வட இந்தியக் கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில் இது தோன்றும். குளிர்காலத்தில் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். பிறகு நுண்ணுயிரிகள் குருதி நாளங்களின் வழியே பரவ, தோளிலும் தொடையிலும் பளிங்குக் கல்லின் கோடுகள்போல் நாளங்கள் தெரியத் தொடங்கும். வளி சேர்ந்து முகம் வீங்கும், கண்கள் பிதுங்கும், நாக்கு பற்களுக்கிடையே தள்ளும். நுரையீரலின் செந்நீர் வாயிலும் மூக்கிலும் நுரைத்து வழியும். ஆசனவாய் தளர்ந்து விரியும்.

இந்த ஒவ்வொன்றையும் வன்முறையின் அடையாளமாகப் பார்க்கும் கண் ஊர்தோறும் உண்டு. நாக்கு வெளியே தள்ளியிருந்தால் கழுத்தை நெரித்துவிட்டார்கள்; வாயில் செந்நீர் வழிந்தால் நஞ்சு கொடுத்துவிட்டார்கள் அல்லது அடித்துவிட்டார்கள்; தளர்ந்த ஆசனவாய் என்றால் பாலியல் வன்முறை. எறும்புகள் இமையோரத்திலும் தொடையிடுக்கிலும் கடித்த இடங்கள் சிராய்ப்பாகத் தோன்றும். தீயில் கருகிய உடல் குத்துச்சண்டை வீரரைப்போல் கைகளை மடக்கி முன்னே நீட்டியிருப்பது, வெப்பத்தில் தசைப் புரதம் உறைந்து மடக்கும் தசைகள் சுருங்குவதால் நேர்வது. உயிரோடு எரிந்தாலும் இறந்தபின் எரித்தாலும் அப்படித்தான் நிகழும். தற்காத்துக்கொள்ளப் போராடியதாக அதைப் படிப்போரும் உண்டு. இறந்தவரின் உற்றார் அவ்வாறு படிப்பதில் குறையொன்றுமில்லை. துயரத்தில் இருப்பவரிடம் நுண்ணுயிரியலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே வாசிப்பு நாளிதழ்ச் செய்தியாகி, தொலைக்காட்சி விவாதமாகி, விசாரணை அதிகாரியின் முதல் ஊகமாகிவிடும்போது, இல்லாத குற்றத்துக்கு ஒருவர் சிறைக்குப் போவதும், இருந்த குற்றம் ‘அழுகலால் வந்த மாற்றம்’ என்ற சாக்கில் மறைவதும் ஒருசேர நிகழக்கூடும். இரண்டாவது ஆபத்தை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் பேசும் பழக்கம் மருத்துவ வட்டாரத்தில் உள்ளது.

நீரிலும் மண்ணிலும் கிடந்த உடல்களுக்கு வேறொரு வாய்பாடு ஓதப்படுகிறது: காற்றில் ஒரு வாரம், நீரில் இரு வாரம், மண்ணில் எட்டு வாரம். இது பெர்லினில் பணியாற்றிய யோஹன் லுட்விக் காஸ்பர் 19ஆம் நூற்றாண்டில் சொன்னது. பெர்லின் மண்ணுக்கும் பெர்லின் நீருக்கும் அது பொருந்தியிருக்கலாம். கங்கையின் கீழ்ப்பகுதியில் என்ன நிகழும் என்பதையும் மெக்கன்சியே எழுதி வைத்திருக்கிறார். ஈரத்தில் கிடக்கும் உடலின் கொழுப்பு சவர்க்காரம்போல் மாறிப் பிணமெழுகு ஆவதற்குக் குளிர்நாடுகளில் பல வாரங்களோ மாதங்களோ ஆகும் என்று நூல்கள் கூறுகின்றன. ஹூக்ளியில் மூழ்கிய உடல்களிலும் கீழ்வங்கத்தின் ஈரமண்ணில் புதைந்த உடல்களிலும் அவர் அதை 3 முதல் 15 நாளுக்குள் கண்டார். வாரக்கணக்கில் எழுத வேண்டிய இடத்தில் நாட்கணக்கு. வெளிநாட்டு எண்ணை மட்டும் படித்த மருத்துவர், காணாமற்போய் ஒரு வாரமே ஆன ஒருவரின் உடலைப் பார்த்து, இது அவராக இருக்க முடியாது என்று எழுதிவிட இடமுண்டு.

ஈப்புழுக்களின் வளர்ச்சியைக் கொண்டு காலம் கணிக்கும் முறையும் இதேபோல் இடத்துக்குக் கட்டுப்பட்டதே. உடல் அழுகி மற்ற அடையாளங்கள் எல்லாம் வாய்மூடியபின்னும் பேசுவது புழு ஒன்றுதான். ஆனால் முட்டை பொரிப்பதும் புழு தோலுரிப்பதும் கூட்டுப்புழு ஆவதும் வெப்பத்தைப் பொறுத்தவை. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் கிரைசோமியா ஈக்களின் வளர்ச்சியை, வேறொரு நாட்டின் வேறொரு ஈயினத்துக்கான அட்டவணையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. புழுக்களில் சிலவற்றைச் சுடுநீரில் இட்டுச் சாராயத்தில் பாதுகாக்கவும், சிலவற்றை உயிரோடு வளர்த்து இனம் காணவும் வேண்டும். நடைமுறையில் அவை உடலைக் கழுவும் நீரோடு சாக்கடைக்குப் போகின்றன.

நேரத்தைக் குறுக்கிச் சொல்வதால் என்ன நேரும் என்பதற்குக் கனடா ஓர் எடுத்துக்காட்டு. 1959இல் ஒன்டாரியோ மாகாணத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில், இரைப்பையில் இருந்த உணவை வைத்து இறப்பு மாலை 7.45 மணிக்கு முன் நேர்ந்தது என்று மருத்துவர் குறித்தார். அந்நேரத்துக்குச் சற்றுமுன் அவளைத் தன் மிதிவண்டியில் ஏற்றிச் சென்ற 14 வயதுச் சிறுவன் ஸ்டீவன் டிரஸ்காட்டுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாக மாறி, பத்தாண்டு சிறையில் கழிந்தது. உணவு செரிக்கும் வேகம் ஆளுக்கு ஆள், அச்சத்துக்கு அச்சம் மாறும் என்பதும், அரைமணி நேரத் துல்லியத்துக்கு அறிவியலில் இடமே இல்லை என்பதும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலைபெற்று அவர் விடுவிக்கப்பட்டபோது ஆண்டு 2007. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இந்திய நீதிமன்றங்கள் இதை வேறு வகையில் சமாளிக்கின்றன. மருத்துவச் சான்று பொதுவாக மற்றச் சான்றுகளை உறுதிப்படுத்துவதற்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1983இல் குஜராத் வழக்கு ஒன்றில் கூறியதும், அது தொடர்ந்து எடுத்தாளப்படுவதும் சட்ட மாணவர்கள் அறிந்ததே. பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவாக இருந்து, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் 39ஆம் பிரிவாக மாறியுள்ள வல்லுநர் கருத்துப் பிரிவும் அதைக் கருத்து என்றே அழைக்கிறது. எச்சரிக்கை நல்லதுதான். ஆயினும் அது ஒரு வசதியையும் தருகிறது. மருத்துவர் சொன்ன நேரம் நேரடிச் சாட்சியோடு பொருந்தினால் அது அறிவியல். பொருந்தாவிட்டால் அது வெறும் கருத்து. பிழை எல்லை குறிக்கப்படாத எண்ணை எப்பக்கமும் இழுக்கலாம். இழுப்பவர்களைக் குறைகூறுவதைவிட, இழுக்கத்தக்க எண்ணை எழுதிக் கொடுப்பவர்களைக் கேட்பதே பொருத்தம்.

காவல் மரணத்தில் இக்கேள்வி வேறு எடையைப் பெறுகிறது. அங்கே நேரத்தைச் சொல்லும் மற்ற ஆவணங்கள் அனைத்தும், அதாவது கைதுக் குறிப்பு, நிலையப் பொது நாட்குறிப்பு, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற குறிப்பு ஆகியவை, குற்றம் சாட்டப்படக்கூடியவர்களின் கையிலேயே உள்ளன. அவர்களின் கைபடாத ஒரே ஆவணம் உடல். தேசிய மனித உரிமை ஆணையம் 1995இல் காவல் மரணப் பிணக்கூறாய்வுகளைப் படம்பிடிக்க வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும், 1997இல் மாதிரிப் படிவம் ஒன்றை அனுப்பியதும், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் காவல் மரணங்களுக்கு நீதித்துறை நடுவர் விசாரணையைக் கட்டாயமாக்கி, 24 மணி நேரத்துக்குள் உடலை ஆய்வுக்கு அனுப்பச் சொன்னதும் இதை உணர்ந்தே. படிவத்தில் கட்டம் இருப்பது ஒன்று. அதில் அளந்த எண் நிரப்பப்படுவது மற்றொன்று. ஒளிப்பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் வெப்பம் பதிவாவதில்லை.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் அதை நிறைவேற்ற ஐந்தாண்டு வரை அவகாசமும் உண்டு. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அங்கே செல்பவர் பெரும்பாலும் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். கைரேகை, குருதிக்கறை, ஒளிப்பதிவு ஆகியவை அவருடைய வேலை. உடலைத் தொட்டு விறைப்பைப் பார்த்து, புரட்டிப் படிவை அழுத்திப் பார்த்து, வெப்பமானியைச் செருகிக் குறிப்பெழுத மருத்துவர் வேண்டும். பழைய பிரேத விசாரணை முறையில் காவலரும் பஞ்சாயத்தாரும் உடலைப் பார்த்து எழுதியபின்தான் அது மருத்துவரிடம் போயிற்று. புதிய சட்டத்திலும் அந்த வரிசை அப்படியே உள்ளது.

இதோடு பொழுதைப் பற்றிய வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கதிரவன் மறைந்தபின் பிணக்கூறாய்வு செய்வதில்லை என்ற பழைய முறையை ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் தளர்த்தியது. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்றது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், ஐயத்துக்குரிய மரணம் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருந்தாலன்றி, விலக்கு. மின்விளக்கில் நிறங்கள் பிறழ்ந்து தெரியும் என்ற கவலை முற்றிலும் பொருளற்றதன்று. பிற்காலத்தில் ஐயம் எழுப்பப்படக்கூடாது என்ற எண்ணமும் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் விளைவைப் பார்க்க வேண்டும். விபத்தில் இறந்தவரின் உடல் இரவோடிரவாக ஆய்வுக்கு உட்படலாம்; நேரம் என்ற கேள்வி உயிரோடிருக்கும் வழக்குகளின் உடல்களோ விடியும்வரை காத்திருக்கும். அக்காத்திருப்பில் பச்சை படர்கிறது. விறைப்பு ஏறுகிறது, இறங்குகிறது. குறைந்தபட்சம், உடல் பிணவறைக்கு வந்த மணியிலேயே பணியிலுள்ள மருத்துவர் ஐந்து நிமிடத்தில் வெளிப்புறக் குறிப்பு எழுதுவதை இவ்விலக்கு தடுக்கவில்லை. அறுப்பதற்குத்தான் பகல் வேண்டும். வெப்பமானியைப் படிக்க விளக்கு போதும்.

இனி ஆய்வாளர்களின் பங்கு. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் 1981இல் திறந்தவெளியில் உடல்களை வைத்துச் சிதைவைப் பதிவு செய்யத் தொடங்கியதற்குப் பின்னால் 1977இல் நேர்ந்த ஒரு கணிப்புத் தவறு உள்ளது. கலைக்கப்பட்ட கல்லறை ஒன்றில் கிடைத்த உடலைப் பார்த்து, இறந்து ஓராண்டுக்குள் இருக்கலாம் என்று அவர் கணித்தார். அது 1864இல் உள்நாட்டுப் போரில் இறந்த படை அதிகாரியின் உடல். பதனம் செய்யப்பட்டு இரும்புப் பெட்டியில் அடைக்கப்பட்டிருந்ததால் தசை அழியாமல் இருந்தது. 113 ஆண்டுப் பிழை. துறையில் தலைசிறந்தவர் அதை மறைக்கவில்லை. அதிலிருந்து ஓர் ஆய்வுக்களத்தையே உருவாக்கினார். 2016இல் ஆஸ்திரேலியாவும் தன் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றதொன்றைத் தொடங்கியது.

இந்தியாவில் அப்படியொன்று வேண்டும் என்று சொன்னவுடன் எழும் மறுப்புகள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. உடலை விரைந்து எரிப்பதும் புதைப்பதும் இங்கே வெறும் சடங்கு அன்று. இறந்தவருக்குச் செய்யும் கடன். உடல்தானம் கிடைக்கும் சிலவும் உடற்கூற்றியல் துறைக்கே போதவில்லை. மேலும், உரிமை கோரப்படாத உடல்களைக் கொண்டு அத்தகைய களம் நடத்தினால், உயிரோடிருந்தபோது எவருக்கும் வேண்டாதவர்களே இறந்தபின்னும் ஆய்வுப் பொருளாவார்கள். இம்மறுப்பு நியாயமானது. ஆனால் தரவு திரட்டக் களம் தேவையில்லை. இறந்த நேரம் நிமிடக் கணக்கில் தெரிந்த உடல்கள் ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையின் பிணவறைக்கும் அன்றாடம் வருகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தவர், சாலை விபத்தில் பலர் முன்னிலையில் இறந்தவர், ரயிலில் அடிபட்டவர் ஆகியோரின் உடல்களில், காத்திருக்கும் நேரத்திலேயே, அறுக்காமல், உற்றாரின் ஒப்புதலோடு, வெப்பத்தையும் விறைப்பையும் படிவையும் மணிக்கொருமுறை குறிக்கலாம்.

எம்.டி. தடய மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்று அளித்தாக வேண்டும். இறப்பின் நேரத்தைப் பற்றிய ஆய்வேடுகள் அவற்றுள் பல இருக்கின்றன. விழித்திரவத்தின் பொட்டாசியம் பற்றியவை, விறைப்பின் வரிசை பற்றியவை. ஒவ்வொன்றும் தன் கல்லூரியில், தன் அளவுமுறையில், தன் அட்டவணையில் முடிந்து நூலக அலமாரிக்குப் போகிறது. பீகானேரின் கோடையையும் ஷில்லாங்கின் மழைக்காலத்தையும் கொல்லத்தின் ஈரத்தையும் ஒரே படிவத்தில் குறித்தால் ஐந்தாண்டில் இந்தியாவுக்கென்று ஓர் அட்டவணை வந்துவிடும். அதற்குத் தேவை புதிய கருவியன்று. கல்லூரிகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம்.

அத்தரவில் எவருடைய அறிவு இடம்பெறும் என்பதும் பேச வேண்டியதே. பல அரசுப் பிணவறைகளில் உடலைத் தூக்குபவரும் கழுவுபவரும் திறப்பவரும் தைப்பவரும் உதவியாளர்களே. அவ்வேலைக்கு எந்தச் சாதியினர் வருகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்தும் எவரும் எழுதாத செய்தி. எந்த மாதத்தில் எத்தனை மணியில் வயிறு பச்சையாகும், எந்தக் குளிர்பெட்டி எந்த இரவில் பழுதாகி நின்றது என்பவற்றை இருபதாண்டு கண்டவர் அவர். அறிக்கையில் அவருடைய பெயரும் இல்லை. அவர் கண்டதும் இல்லை. குளிர்பெட்டி நின்ற இரவைப் பற்றி அவரைக் கேட்டு ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தால் மாறியிருக்கக்கூடிய கணிப்புகள் எத்தனையோ.

அகன்ற இடைவெளியை எழுதினால் குற்றவாளி தப்பிவிடுவான் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் கூறுவதுண்டு. மருத்துவருக்கும் அச்சம் உண்டு. ‘உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று எழுதினால், பிறகு எதற்காகப் படித்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஆனால் குறுகிய எண்ணை எழுதிவிட்டு, அதற்கான வெப்ப அளவு எங்கே, குளிர்பெட்டி நேரம் எங்கே என்று கேட்கப்பட்டு விழிப்பது அதைவிட மோசம். அந்த அவிழ்ப்பில்தான் உண்மையான குற்றவாளியும் தப்புகிறான். இடைவெளியைச் சுருக்குவதற்கு நேர்மையான வழி ஒன்றே: உடல் கிடந்த இடத்தின் வெப்பம், உடலின் வெப்பம், முதலில் பார்த்த மணியில் விறைப்பும் படிவும் இருந்த நிலை, குளிருக்குள் போன மணியும் வெளியே வந்த மணியும். நான்கு குறிப்புகள், அவற்றின் கீழ் குறித்தவரின் கையெழுத்து. நிகழ்விடத்துக்குச் செல்லும் தடயவியல் பெட்டியில் ஒரு நீண்ட வெப்பமானியையும், பிணவறை வாசலில் ஒரு பதிவேட்டையும் வைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.